முதல் கிளாஸ் மண்ணுக்கு

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய தெருவில் ஒரு டீக்கடை. விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். இரவெல்லாம் வார்டில் நோயாளிக்குத் துணையிருந்தவர்கள், கண் எரிய, தோளில் துண்டோடு வந்து நிற்பார்கள். பால் பொங்கி, டிகாக்‌ஷன் இறங்கி, முதல் டீயை ஆற்றி முடித்ததும் கடைக்காரர் அதை அவர்களில் யாரிடமும் நீட்டுவதில்லை. கடையை விட்டு இரண்டடி வெளியே வந்து தெருவோரம் ஊற்றுகிறார். காலி கிளாஸைக் கண்ணுக்கு நேரே ஒரு நொடி பிடித்துவிட்டு உள்ளே போகிறார். அடுத்த டீதான் வியாபாரம்.

“யாருக்குண்ணே அது?” என்று கேட்டேன்.

“எங்கப்பா ஊத்துவாரு, நானும் ஊத்துறேன். ஊத்தலைன்னா அடுத்த கிளாஸுக்குக் கை வர மாட்டேங்குது சார்.”

மண்ணுக்கா, சாமிக்கா, பசியோடு போய்ச் சேர்ந்த முன்னோருக்கா என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கும் பிரித்துக் கேட்கத் தோன்றவில்லை. நாளின் முதல் வரவு தனக்கு உரியதில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கைகளை நாம் தினமும் பார்க்கிறோம். சீட்டில் ஏறியதும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பஸ் டிரைவரின் கை. போணிக் காசை நெற்றிக்குக் கொண்டுபோகும் பூக்காரம்மாவின் கை. கால் பட்டுவிட்ட புத்தகத்தைப் பதறித் தொட்டுக் கும்பிடும் பள்ளிப்பிள்ளையின் கை. ஆடத் தொடங்குமுன் தரையைத் தொட்டு வணங்கும் பரதக் கலைஞரின் கை. பொங்கலன்று சூரியனுக்குப் படைப்பதும், மறுநாள் மாட்டுக்குப் பொட்டு வைப்பதும், ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் ஸ்பேனருக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் தடவுவதும் இந்த அன்றாடக் கைகளின் பெரிய எழுத்துப் பதிப்பு.

ஸ்டீயரிங்குக்குக் காது இல்லை. மண்ணுக்கு இல்லை. அரிவாளுக்கு இல்லை. கேட்டுச் சந்தோஷப்படவோ, பதிலுக்கு ஒன்று செய்யவோ முடியாதவற்றிடம்தான் தமிழ்க் கை முதலில் போய் நிற்கிறது. நன்றி என்பது ஓர் ஆன்மிகப் பழக்கமாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கும் மனிதரிடம் சொல்கிற நன்றியில் கொஞ்சமாவது கொடுக்கல் வாங்கல் கலந்திருக்கும். கேட்காத இடத்தில் சொல்லும்போது அது சொல்பவரை மட்டும்தான் மாற்றும்.

வீட்டுக்குள் நாம் ‘நன்றி’ என்ற சொல்லைப் புழங்குவதே இல்லை. சோறு போட்ட அம்மாவிடம் “நன்றிம்மா” என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள், “ஏண்டா, உடம்புக்கு முடியலையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நமக்கு அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. மருத்துவமனை வரிசையில் கைபிடித்து உட்காரவைத்த பெண்ணைப் பார்த்து ஒரு பாட்டி, “நல்லாயிருப்பே தாயி, உன் வயிறு குளிரணும்” என்கிறாள். ‘உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்று அவள் சொல்வதில்லை. தன்னை விட்டுவிட்டு, எதிரே நிற்பவளின் வருங்காலத்தை வாழ்த்துகிறாள். கணக்கு அவளிடம் முடிவதில்லை, மேலே எங்கோ போய்ச் சேருகிறது.

அந்தச் சொல்லின் பழைய பொருளும் இதைத்தான் காட்டுகிறது. நன்று என்பதிலிருந்து வந்த நன்றிக்கு முதற்பொருள் நன்மை. வள்ளுவர் பதினொன்றாம் அதிகாரத்துக்கு வைத்த தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. செய்த நன்மையை அறிவது. சொல்லுதல் என்று அவர் வைக்கவில்லை, கூறல் என்று வைக்கவில்லை. முந்தைய அதிகாரம் ‘இனியவை கூறல்’. வாயால் செய்ய வேண்டியதை அங்கே முடித்துவிட்டு, இங்கே உள்ளத்தின் வேலைக்கு வருகிறார். அந்தப் பத்துக் குறள்களில் ஒன்று எனக்கு மருந்துச்சீட்டு போலவே படும். ஒருவர் கொல்வது போன்ற கொடுமையே செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் போதும், அந்தக் கொடுமை உள்ளத்தில் இல்லாமல் போய்விடும் என்கிறார். பல வருடம் பேச்சுவார்த்தை அறுந்த அண்ணன் தம்பிகள் இதைச் செய்து பார்த்தால் தெரியும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அந்த ஒரு மாலை, பாகப் பத்திரத்தைவிடக் கனமாக இருக்கும்.

கதிர்காமம் என்றதும் பலருக்கு இலங்கையின் கதிர்காமம் நினைவுக்கு வரும். அங்கே முருகனுக்குப் பூசை செய்யும் கப்புறாளைமார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரமில்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார்கள். கருவறையின் திரை விலகாது. வாய் கட்டிய கும்பிடு. புதுச்சேரிக் கதிர்காமத்தின் டீக்கடை வாசலில் நின்றபோது, அந்த மௌனத்தின் ஒரு துளி கடல் தாண்டி இங்கேயும் விழுந்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையிலிருந்து பக்கம்தான் முத்திரையர்பாளையம். புதுச்சேரியின் பழைய நன்றிக் கதை ஒன்று அங்கிருந்துதான் ஊறுகிறது. ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கமாக வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு பெரிய கட்டடத்தைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவமானம் கோபமாயிற்று. இடித்துத் தள்ளச் சொன்னார். ஆயி கெஞ்சினாள். கடைசியில், தானே இடித்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாள். வீடு இருந்த மண்ணில் நல்ல தண்ணீர் வந்தது.

பல நூற்றாண்டுகள் கழித்து, கடலோரத்தில் குடியிருந்த பிரெஞ்சு நகரம் நல்ல குடிநீருக்குத் தவித்தது. 1860களில், மூன்றாம் நெப்போலியன் பிரான்ஸின் பேரரசராக இருந்த காலம். லாமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் அமைத்து நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் பின்னால் யார் இருக்கிறாள் என்ற கதை பேரரசரின் காதுக்குப் போனது. ஒரு நினைவு மண்டபம் கட்டும்படி உத்தரவு வந்தது. அதுதான் இன்று பாரதி பூங்காவின் நடுவே, ஆளுநர் மாளிகைக்கு எதிரே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் ஆயி மண்டபம்.

வாய்க்கால் வெட்டிய பொறியாளருக்கோ உத்தரவிட்ட பேரரசருக்கோ மண்டபம் கட்டியிருக்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் கட்டுவார்கள். இங்கே வீட்டை இழந்த ஒரு தாசியின் பெயரில் கட்டினார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஆயி போகவில்லை. அந்த மண்டபம்தான் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். ஓர் அரசு தன் சின்னமாகச் சிங்கத்தையோ வாளையோ வைக்காமல், ஒரு பெண்ணுக்குச் சொன்ன நன்றியை வைத்திருக்கிறது. இந்த ஊர்க்காரனாக நான் மிகவும் பெருமைப்படும் விஷயம் இது.

ஆனால் அந்த வீடு இடிந்ததை மறக்கக்கூடாது. அரசன் செய்த அநியாயம் குளத்து நீரால் கழுவப்பட்டுவிடவில்லை. ஆயிக்கு நன்றி சொல்கிறவர்கள் அந்த இடிபாட்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நமக்குக் கிடைத்த நன்மையில் பல, யாரோ ஒருவர் இழந்ததில் ஊறியவை. அதை அறியாவிட்டால் அறிதல் பாதியில் நின்றுவிடும். புதுச்சேரி இன்றும் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிற ஊர். கடலோரத்துக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆயியின் பிள்ளைகள் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் பல் துலக்கினால், மண்டபத்துக்கு அடிக்கும் சுண்ணாம்பில் என்ன இருக்கிறது?

பூங்காவிலிருந்து சில தெருக்கள் நடந்தால் அரவிந்தர் ஆசிரமம். ஸ்ரீ அரவிந்தர் 1950 டிசம்பர் 5 அன்று மறைந்தார். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, முற்றத்து மரத்தடியில் அவர் உடல் வைக்கப்பட்டது. அந்தச் சமாதியில், ஆசிரமத்தை நடத்திய ஸ்ரீ அன்னையின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிறு வயதில் அதை வேகமாகப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு ஒருநாள் நின்று படித்தபோது திடுக்கிட்டேன். அன்னை அதில் ஆன்மாவை விளிக்கவில்லை. உடலை விளிக்கிறார். குருவைப் போர்த்தியிருந்த அந்த உடலிடம், நீ எங்களுக்காக இவ்வளவு உழைத்தாய், போராடினாய், துன்பப்பட்டாய், தாங்கினாய், இதை ஒரு கணமும் மறவாமல் இருக்க வேண்டும் என்று முன்னே வணங்கி நிற்கிறார். அந்த வாசகத்தின் உயிர்ச்சொல் நன்றி.

உடம்பைப் பொய் என்றும் மலபாண்டம் என்றும் ஏசிய மரபு நமக்கு உண்டு. யோகத்தின் உச்சியில் இருந்ததாகக் கருதப்படும் ஒருவரின் சமாதியில், உயிர் பிரிந்த உடலுக்கு நன்றி பொறிக்கப்பட்டிருப்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. அன்னை தன் சின்னத்தின் பன்னிரண்டு இதழ்களுக்குக் குறித்த பன்னிரண்டு குணங்களில் நன்றியும் ஒன்று. வாய்மை, பணிவு, விடாமுயற்சி, துணிவு என்பவற்றோடு சரிசமமாக அது நிற்கிறது. நூற்றுக்கணக்கான பூக்களுக்கு அவர் குணப்பெயர்கள் சூட்டினார். அவற்றிலும் ஒரு பூவின் பெயர் நன்றி. ஆசிரமத்துக்குள் காலையில் போனால் சமாதியில் பூ அடுக்கிக்கொண்டிருப்பார்கள். யாரும் பேசுவதில்லை. பளிங்கில் நெற்றி வைத்து எழுகிறார்கள். வாய் கட்டிய பூசை இங்கேயும்.

இதை நினைத்துக்கொண்டு கதிர்காமத்துக்குத் திரும்பினால், மருத்துவக் கல்லூரி வேறு மாதிரித் தெரிகிறது. டாக்டராகப் போகும் பிள்ளைகளுக்கு முதல் ஆசான் ஓர் இறந்த உடல். உடற்கூறியல் கூடத்தில் கத்தியை எடுக்குமுன் அந்த உடலுக்கு மரியாதையும் நன்றியும் சொல்லி உறுதிமொழி எடுக்கும் வழக்கம் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் பரவியிருக்கிறது. தாய்லாந்தில் அந்த உடலைப் ‘பேராசான்’ என்றே அழைக்கிறார்கள். தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் ‘மௌன ஆசான்’ என்று பெயர். அங்கே மாணவர்கள் உடல் தந்தவரின் குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிகிறார்கள். படிப்பு முடிந்ததும் அறுத்த இடங்களைத் தைத்து, உடை உடுத்தி, வழியனுப்பி வைக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தியான வகுப்பு என்ன இருக்க முடியும்?

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 23 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதுவரை அரசு மரியாதை என்றால் பெரும்பாலும் தலைவர்களுக்கு, படைவீரர்களுக்கு. இப்போது டூ வீலரில் போய் விபத்தில் சிக்கிய கூலித் தொழிலாளியின் குடிசை வாசலுக்கு அதிகாரிகள் மலர்வளையத்தோடு வருகிறார்கள். அந்த மலர்வளையம் பிள்ளையைத் திருப்பித் தராது. ஆனால் தெரு பார்க்கிறது. தெரு அறிகிறது.

தெரு அறியாமல் போன நாளும் உண்டு. 2020 மார்ச் 22, ஞாயிறு, மாலை 5 மணி. நாடே வாசலுக்கும் மாடிக்கும் வந்து மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டியது. தட்டைத் தட்டினோம், மணி அடித்தோம். நானும் தட்டினேன், கண் கலங்கியது. கதிர்காமம் மருத்துவமனை புதுச்சேரியின் கொரோனா மருத்துவமனையாக மாறிய நாட்கள் அவை. சரியாக நான்கு வாரம் கழித்து, அதுவும் ஒரு ஞாயிறு, சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் மறித்தது. கீழ்ப்பாக்கத்தில் முடியவில்லை என்று வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ரத்தம் சொட்ட ஓடினார்கள். நள்ளிரவில் போலீஸ் காவலோடு, சக மருத்துவர் ஒருவர் தானே மண்வெட்டி பிடித்து, கையால் மண் தள்ளி நண்பரைப் புதைத்தார்.

கைதட்டியவர்களும் கல்லெறிந்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கைதட்டல் ஒரு நிகழ்ச்சி. பயம் வந்து நெஞ்சைப் பிடிக்கும்போது நிகழ்ச்சி உதவாது. தினமும் செய்து கையில் ஊறிய பழக்கம்தான் அப்போது கல்லைக் கீழே போடவைக்கும்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. நன்றி என்ற பெயரில் நம் ஊரில் எத்தனை பேரைக் கட்டிப்போட்டிருக்கிறோம்! “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது உண்டவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. உப்பிட்டவர் வாயில் அது வந்தால் விலங்கு. வீட்டுவேலை செய்யும் பெண் சம்பளம் கூட்டிக் கேட்டதும், “எவ்வளவு செஞ்சிருக்கோம், நன்றி இருக்கா பாரு” என்கிற குரல் நாம் கேட்காததா? தேர்தலுக்கு முன்னிரவு கவர் கொடுத்து, “வாங்கின காசுக்குத் துரோகம் பண்ணக்கூடாது” என்று சாமிப் படத்தின் மேல் சத்தியம் வாங்குவதும் நன்றியின் முகமூடிதான். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதை முன்பே பார்த்திருக்கிறார். செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்து நடுவுநிலைமை வருவது ஏன் என்று கேட்டுக்கொண்டு பதில் சொல்கிறார்: உதவி செய்தவரை நினைத்து நியாயம் சாயக்கூடும், அங்கேயும் சாயக்கூடாது, அதனால் இது பின்னால் வைக்கப்பட்டது என்று. நன்றியை அறி, ஆனால் தராசை அவரிடம் கொடுத்துவிடாதே. இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்காதவர்கள் முதலாவதை மட்டும் பள்ளிச்சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பழக்கமாக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு உளவியலும் ஒரு வழி சொல்கிறது. அமெரிக்காவின் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரம், வாரம் ஒருமுறை, தமக்குக் கிடைத்த நல்லவற்றில் ஐந்து வரை குறித்துவைத்தார்கள். தொல்லைகளைக் குறித்துவைத்தவர்களைவிட அவர்களுக்கு வாழ்க்கை மேல் திருப்தி கூடியிருந்தது. நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதலாம், தவறில்லை. எனக்கு அதைவிட ஆழமாகப் பட்டது ஜப்பானின் ‘நைகான்’. யோஷிமோட்டோ இஷின் என்பவர் பௌத்த மரபிலிருந்து வடித்தெடுத்த பயிற்சி அது. ஒருவரை மனதில் நிறுத்தி மூன்று கேள்விகள். அவரிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது? நான் அவருக்கு என்ன கொடுத்தேன்? நான் அவருக்கு என்ன தொல்லை தந்தேன்? அவர் எனக்குத் தந்த தொல்லை என்ற நான்காவது கேள்வி அதில் கிடையாது. அதைத்தான் நாம் கேட்காமலே நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறோமே.

முதல் நபராக அம்மாவை வைத்துத் தொடங்கச் சொல்வார்கள். நானும் தொடங்கினேன், அம்மா போன பிறகு.

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில்தான் வரும். அம்மா குடத்தை வைத்துக் குழாயைத் திருகியதும், முதலில் விழும் தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகுதான் குடம் நிறையும். நாங்கள் சிரிப்போம். “முனிசிபாலிட்டி தண்ணிக்கெல்லாம் கும்பிடாம்மா?” என்பேன். “தண்ணிக்கு என்னடா முனிசிபாலிட்டி” என்பாள். ஆயியின் கதையை அவள் எங்களுக்குச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டுவைக்கவும் இல்லை.

அவள் இறந்த அன்று, குளிப்பாட்டிக் கிடத்தி, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். ஈர வேட்டியோடு போய் உட்கார்ந்தேன். கையில் அரிசியைக் கொடுத்த பெரியவர், “மூணு தடவை போடுப்பா” என்றார். எத்தனை ஆயிரம் கவளம் எனக்கு ஊட்டிய கை அது, பக்கத்தில் அசையாமல் கிடக்கிறது. மெல்ல முடியாத வாய்க்கு மூன்று பிடி அரிசி. முதல் பிடியை எடுத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். “போடுப்பா, நேரமாகுது” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. வீடு முழுக்க உறவுக்காரர்கள், யாரோ அவசரமாகக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். “இருங்க சித்தி” என்று குடத்தை நகர்த்திவிட்டு, குழாயடியில் குனிந்து கையை நீட்டினேன்.